ஒரு பல் வித்தியாசம்

"டாப் ஸ்பீடு எவ்வளவு?" என்று கேட்கிறவனைக் கண்டால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். புது பைக் வாங்கியவனிடம் கேட்பான், கார் வாங்கியவனிடம் கேட்பான், டவுன் பஸ் டிரைவரிடம்கூடக் கேட்பான். அந்த வேகத்தை எங்கே கொண்டுபோய் ஓட்டப்போகிறாய், அதை எட்ட எவ்வளவு தூரம் நேர்ச்சாலை வேண்டும், நடுவில் எத்தனை வளைவு, எத்தனை மாடு என்று ஒருவனும் கேட்க மாட்டான். மீட்டரில் கடைசியாக என்ன எண் அச்சடித்திருக்கிறதோ அதுதான் வண்டியின் தகுதி என்று நம்புகிற கூட்டம். இந்த ஒரு கேள்வியால் என் தம்பியின் பிழைப்பு வீணாய்ப் போனது. வெகுகாலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது. அப்போது நான் புதுச்சேரியில் ஒரு பஞ்சாலையில் ஃபிட்டர். ஷிஃப்ட் முடிந்த நேரத்தில் ஒரு பந்தயக் காருக்கும் நான்தான் மெக்கானிக். அந்தக் காரை ஓட்டியவன் என் தம்பி. எங்கள் இரண்டு பேரையும் ஆட்டிவைத்தவர், காரின் சொந்தக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர். அப்படித் திரும்பியவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். இவரை மட்டும் எல்லோரும் பிரெஞ்சுத் துரையைக் கூப்பிடுகிற மாதிரி முசியே என்றே கூப்பிட்டார்கள். அவரும் அதையே விரும்பினார். பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்க மாட்டார்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இது தெரியாமல் என் கோபம் புரியாது. காரின் இன்ஜின் நிமிஷத்துக்கு ஐயாயிரம், ஆறாயிரம் சுற்று சுற்றும். சக்கரத்தை நேராக அதோடு பூட்டினால் கார் நகரவே நகராது, இன்ஜினுக்கு அவ்வளவு பலம் கிடையாது. அதனால் சுற்றைக் குறைத்துப் பலத்தைக் கூட்ட வேண்டும். கியர் பாக்ஸ் அதைச் செய்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் டாப் கியரில் அந்தக் கியர் பாக்ஸ் எதையும் குறைப்பதில்லை, வந்ததை வந்தபடி பின்னால் அனுப்பிவிடும். கடைசிக் குறைப்பு நடப்பது பின் அச்சின் நடுவில், பானை மாதிரி உப்பியிருக்கும் இரும்புக் கூட்டுக்குள். அதை ஹவுசிங் என்போம். உள்ளே பினியன் என்று ஒரு சின்னப் பல்சக்கரம். அது திருப்புகிற பெரிய தட்டுச் சக்கரத்துக்கு கிரௌன் என்று பெயர். கிரௌனுக்கு நாற்பத்து மூன்று பல், பினியனுக்குப் பத்துப் பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் நாலே கால் சுற்றுக்குக் கொஞ்சம் மேலே சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். பினியனில் ஒரு பல் குறைந்து ஒன்பது என்றால், ஏறக்குறைய நாலே முக்கால் சுற்று வேண்டும்.

பத்துப் பல் போட்டால் இன்ஜின் அதே வேகத்தில் சுற்றும்போது சக்கரம் கூடுதலாக ஓடும், ஆனால் தள்ளுகிற பலம் குறையும். ஒன்பது போட்டால் வளைவிலிருந்து கார் துள்ளிக்கொண்டு கிளம்பும், ஆனால் இன்ஜின் தன் எல்லையைச் சீக்கிரம் தொட்டுவிடும். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கலாம், இரண்டையும் வாங்க முடியாது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். சட்டி என்பது இன்ஜின். பல்லை மாற்றினால் அகப்பைதான் மாறுமே தவிர சட்டி நிறையாது.

அப்படியானால் எந்தப் பல் சரி? அதை ஓட்டுகிறவனின் ஆசை தீர்மானிப்பதில்லை, ஓடுகிற இடம்தான் தீர்மானிக்கும். பந்தயப் பாதையில் இருப்பதிலேயே நீளமான நேர்ப்பகுதி எதுவோ, அதன் கடைசியில் பிரேக்கை மிதிப்பதற்குச் சற்று முன்னால், டாப் கியரில் இன்ஜின் தன் எல்லைச் சுற்றைத் தொட வேண்டும். அதற்கு முன்பே தொட்டு முனகிக்கொண்டு நின்றால் பினியனில் பல் போதவில்லை. தொடாமலே பிரேக் மிதிக்க நேர்ந்தால் பல் அதிகம். சின்னப் பிள்ளைக்குப் புரியும் இது. முசியேவுக்குப் புரியவில்லை.

பல் கணக்கு எனக்கு ஆலையில் வந்தது. நூல் முறுக்குகிற ரிங் பிரேமில் சேஞ்ச் வீல் என்று ஒரு சின்னப் பல்சக்கரம் உண்டு. அதில் ஒரு பல் கூட்டினால், ஒரு பல் குறைத்தால் நூலின் கனம் மாறிப்போகும். எந்த நம்பர் நூலுக்கு எத்தனை பல் என்று மேஸ்திரி ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தருவார். ஃபிட்டர் அதைப் பார்த்துச் சக்கரத்தை மாட்டிவிட்டுச் சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். சீட்டைத் தூக்கி எறிகிறவன் எங்கள் ஆலையில் கிடையாது. நூல் தப்பாக வந்தால் முதலில் சீட்டைத்தான் கேட்பார்கள். சீட்டில் உள்ளபடி போட்டிருந்தால் ஃபிட்டருக்கு ஒன்றும் ஆகாது.

சேர்ந்த இரண்டாம் வருஷம் ஒரு சீட்டில் மேஸ்திரி தப்பாக எழுதியிருந்தார். பார்த்ததுமே தெரிந்தது. நான் பெரிய மேதாவி போல, அவரைக் கேட்காமல் சரியான பல்லைப் போட்டேன். நூல் சரியாக வந்தது. ஆனால் சீட்டுக்கு மாறாகப் போட்டாய் என்று ஒரு வாரம் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த வருஷம் இன்னொருவன் தப்பான சீட்டைப் பார்த்துத் தப்பான பல்லையே போட்டான். ஒரு நாள் நூல் முழுக்கப் பாழ். அவன் சீட்டை நீட்டினான், போய் வேலையைப் பார் என்றார்கள். இதைப் பார்த்த பிறகு எந்த ஃபிட்டர் மூளையை உபயோகிப்பான்? எங்கள் ஆலையில் புத்தி இருந்தவன் வீட்டில் உட்கார்ந்தான், சீட்டு இருந்தவன் பிழைத்தான்.

காருக்கு வருகிறேன். அது பழைய ஃபியட். பின்சீட்டையும் கதவு அட்டைகளையும் கழற்றி எறிந்துவிட்டு, இன்ஜினைக் கொஞ்சம் சீண்டிவிட்ட கார். முசியே வீட்டுக் கொல்லையில் தகரக் கொட்டகையில் நிற்கும். பட்டாளத்தில் மோட்டார் பிரிவில் இருந்ததாகச் சொல்வார். அங்கே என்ன செய்தார் என்று தெரியாது. எங்கள் கொட்டகையில் அவர் கையில் கிரீஸ் பட்டு நான் பார்த்ததில்லை. வெள்ளைச் சட்டையோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பிரெஞ்சுப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டே எனக்கு உத்தரவு போடுவார். முதுகுவலி என்று பந்தயத்தில் ஓட்டுவதை மட்டும் என் தம்பியிடம் விட்டிருந்தார்.

தம்பி அப்போது மீன் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். கடலூர்த் துறைமுகத்தில் ஐஸ் போட்டு ஏற்றினால், ஐஸ் தண்ணீராவதற்குள் புதுச்சேரி மார்க்கெட்டில் இறக்க வேண்டும். அந்த ஓட்டை வேனை அவன் ஓட்டுவதைப் பார்க்க வேண்டும். பிரேக்கை அதிகம் தொட மாட்டான். வளைவுக்கு முன்பே வேகத்தைச் சரிசெய்துகொண்டு, உள்ளே நுழைந்தால் ஒரே கோடாக வெளியே வருவான். பின்னால் மீன் கூடை ஒன்றும் சரியாது. யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, அண்ணன் என்பதற்காகவும் சொல்லவில்லை. பல பேர் ஓட்டுவதைப் பார்த்தவன் சொல்கிறேன், அவன் கையும் காலும் கடவுள் கொடுத்தது.

முதல் தடவை மெட்ராஸுக்கு வடக்கே சோழவரத்துக்குப் போனபோது ஒன்பது பல்தான் போட்டிருந்தேன். அது பட்டாளத்துக்காரர்கள் விட்டுப்போன பழைய விமான ஓடுதளம். நடுவே நீளமான காங்கிரீட் பாதை, இரண்டு முனையிலும் கொண்டை ஊசி மாதிரித் திரும்ப வேண்டும். முந்தின நாள் நான் அதை நடந்தே அளந்தேன். டயரில் சாக்பீஸால் கோடு போட்டு உருட்டி, ஒரு சுற்றுக்கு ஆறடி என்று ஏற்கெனவே கணக்குப் பார்த்து வைத்திருந்தேன். ஒன்பது பல்லில் இன்ஜின் ஆறாயிரம் சுற்று சுற்றினால் மணிக்கு நூற்று முப்பத்தெட்டு கிலோமீட்டர் வரும். பத்துப் பல்லில் நூற்று ஐம்பத்து மூன்று. ஆனால் அந்த நூற்று ஐம்பத்து மூன்று காகிதத்தில் வருவது. அந்த இன்ஜினுக்கு அதை எட்டுகிற பலமும் கிடையாது, எட்டும்வரை ஓட அங்கே பாதையும் கிடையாது.

அன்று தம்பி நான்காவதாக வந்தான். முன்னால் வந்த மூன்று கார்களும் எங்களுடையதைவிடப் புதியவை. இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றியதும் அவன் சொன்னது இதுதான்: "நேர் முடியிற எடத்துல ஊசி ஆறாயிரத்துகிட்ட போய் நிக்குதுண்ணே. அதுக்கு மேல ரோடும் இல்ல, ஊசியும் இல்ல. அளவெடுத்துத் தெச்ச சட்ட மாதிரி இருக்கு."

இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அதோடு அன்று இன்னொன்றும் நடந்தது. மெட்ராஸில் பந்தயக் குழு ஒன்றை நடத்துகிறவர், வெள்ளைத் தொப்பிக்காரர், எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். தம்பியின் தோளில் கைவைத்துப் பேசினார்.

"என்ன வேலை பாக்குற?"

"மீன் வேன் ஓட்டுறேன் சார்."

"அடுத்த பந்தயத்துல மொத மூணுல ஒண்ணா வந்துடு. என்கிட்ட ஒரு எடம் காலியா இருக்கு. நல்ல காரு, மாசச் சம்பளம். நான் எங்காளுங்ககிட்ட காட்டணும்னா ரிசல்ட்டு வேணும். நாலாவதா வந்தவன்னு சொல்லி உள்ள கூட்டிட்டுப் போக முடியாது."

  திரும்பி வரும்போது திண்டிவனத்தில் தம்பி, "மூணாவது வந்தாப் போதும்ல?" என்று ஒரே ஒரு தடவை கேட்டான். அடுத்த பந்தயத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. அந்த இரண்டு மாதமும் அவன் பீடியை விட்டான், ஞாயிறு பூசை முடிந்ததும் நேராகக் கொட்டகைக்கு வந்தான். பிரேக் கட்டையை அவனே மாற்றினான். கனத்தைக் குறைக்கக் கதவுக் கண்ணாடிகளைக் கழற்றினான். மூன்றாவதாக வரத் தேவையானது அவ்வளவுதான். பல்லில் கைவைக்க வேண்டிய அவசியமே இல்லை.

பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்னால் முசியே காரை எடுத்துக்கொண்டு கடலூர் ரோட்டில் காலையில் ஒரு ஓட்டம் போனார். முதுகுவலி அன்றைக்கு இல்லை போலிருக்கிறது. நோணாங்குப்பம் தாண்டியதும் முழுசாக மிதித்திருக்கிறார். ஊசி ஆறாயிரத்துக்குப் போய் நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்து மெட்ராஸ் நம்பர் போட்ட ஒரு பெரிய வெளிநாட்டுக் கார் ஹாரன் அடித்துக்கொண்டு இவரைத் தாண்டிப் போயிருக்கிறது. தாண்டியவன் கையை வேறு ஆட்டிவிட்டுப் போனானாம். தவளக்குப்பத்தில் காரைத் திருப்பிக்கொண்டு வந்தவர், இறங்கியதும் என்னைப் பார்த்துக் கத்தினார்.

"டாப் ஸ்பீடு எங்கடா போச்சு? இத வெச்சிக்கினா பந்தயத்துக்குப் போறது? பத்து பல்லு போடு."

பத்துப் பல் ஜோடி ஒன்று மெட்ராஸ் புதுப்பேட்டையில் பழைய சாமான் கடையில் வாங்கி வைத்திருந்தார். நான் பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன். கொட்டகைத் தரையில் சாக்பீஸால் சோழவரத்தை வரைந்தேன்.

"முசியே, கடலூர் ரோடு வேற, அது வேறங்க. இங்க நேரா போய்க்கினே இருக்கலாம். அங்க ரெண்டு பக்கமும் நாப்பது கிலோமீட்டருக்குக் கொறச்சித் திரும்பணும். திரும்பி எழுந்து வர்றதுக்கு இழுவ வேணும். பத்து போட்டா நேர் முடியிறப்போ ஊசி ஐயாயிரத்தக்கூடத் தொடாது. தம்பி சொன்னான் இல்ல..."

"எக்குத்," என்றார். நான் சொல்வதைக் கேள் என்பதைத்தான் பிரெஞ்சில் அப்படிச் சொல்வார். "பிரான்ஸ்ல பந்தயக் காருல்லாம் இருநூறு போவுது. அவனுங்க பின்னால பெரிய பல்லு போட்டுக்கினுதான் போறானுங்க. நீ நூலு நூக்குற மில்லுல இருந்துக்கினு எனக்கு மோட்டார் சொல்லித் தர்றியா?"

அந்த இன்ஜினும் இந்த இன்ஜினும் ஒன்றா? மலையை இழுக்கிற இன்ஜினுக்கும் மாவரைக்கிற இன்ஜினுக்கும் ஒரே பல் போட முடியுமா? வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அந்தக் கோபத்தில் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று.

"சரிங்க. எழுதிக் குடுங்க."

அவருக்குப் புரியவில்லை. எங்கள் ஆலைப் பழக்கத்தைச் சொன்னேன். பெரிய தமாஷ் கேட்டது போலச் சிரித்தார். பத்திரிகை ஓரத்தைக் கிழித்து, 10/43 என்று சாய்வான எழுத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டு, இந்தா என்கிற மாதிரி "வுவாலா" என்று நீட்டினார். நான் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானையும் போட்டேன்.

சாயங்காலம் மீன் வாடையோடு தம்பி வந்தான். "எந்தப் பல்லுண்ணே?" என்று கேட்டான்.

"பத்து. அவரே எழுதிக் குடுத்துட்டாரு."

காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். "சொல்லிப் பாத்தியா?"

"சொன்னேன். காதுல போட்டுக்கல. நீ வேணா சொல்லிப் பாரு."

"நான் சொன்னா வேற ஆள வெச்சி ஓட்டுவாரு. எனக்கு வேற காரு யாரு குடுப்பாங்க?"

பந்தயத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது ஹவுசிங்கைத் திறந்து ஒன்பதை எடுத்துப் பத்தைப் போட்டேன். ஆலையில் செய்கிற மாதிரி சின்னச் சக்கரத்தை மட்டும் மாற்றிவிட முடியாது. கிரௌனும் பினியனும் சேர்ந்தே தேய்த்துச் சேர்ந்தே எண் போட்டு வருகிற ஜோடி, இரண்டு ஜோடியிலும் கிரௌனுக்கு நாற்பத்து மூன்று பல்தானே என்று இதன் கிரௌனை அதன் பினியனோடு சேர்த்தால் ஊளையிடும், பிறகு உடையும். ஜோடியாகவே மாற்றி, காகிதம் போன்ற மெல்லிய தகடுகளை வைத்து இடைவெளி சரிசெய்ய வேண்டும். துணிக்குப் போடுகிற நீலத்தைக் கிரீஸில் குழைத்துப் பல்லில் தடவி, சுற்றிவிட்டு, எந்த இடத்தில் பல் பல்லைத் தொடுகிறது என்று பார்த்தேன். பல்லின் நடுவில் புளியங்கொட்டை அளவில் நீலம் பதிந்திருந்தது. அதைவிடச் சுத்தமாகப் பல் சேர்த்தவன் மெட்ராஸிலும் இருக்க மாட்டான். அவ்வளவு அழகாக நான் ஒரு தப்பைச் செய்ததே இல்லை.

பந்தய நாளைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. மாசி வெயிலில் காங்கிரீட் கொதித்தது. கொடி அசைந்ததும் எல்லாக் காரும் பாய்ந்தன, எங்கள் கார் யோசித்துவிட்டுக் கிளம்பியது. வளைவுக்குள் தம்பி மற்றவர்களைவிட வேகமாக நுழைந்தான், அவர்களைவிட நேர்த்தியாக வெளியே வந்தான். வந்தபிறகு கால்மிதியைத் தரையோடு அழுத்தியும் கார் எழவில்லை. மூன்றாம் கியரிலேயே வைத்துப் பார்த்தான், பாதி தூரத்தில் இன்ஜின் கத்தியது. நான்காவதுக்கு மாற்றினால் பாரம் ஏற்றிய மாட்டுவண்டி மேடு ஏறுவது மாதிரி முனகியது. ஒவ்வொரு வளைவிலும் ஒருவனைப் பிடிப்பான், அடுத்த நேர்ப்பாதையில் அவன் இவனைத் தாண்டுவான். முந்தின பந்தயத்தில் எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு நோஞ்சான் காரும் தாண்டியது. வேலியைப் பிடித்துக்கொண்டு நான் கெட்ட வார்த்தையில் கத்திக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் நின்ற குடும்பத்தார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தள்ளிப்போனார்கள்.

ஏழாவதாக வந்தான். ஊசி எவ்வளவு தொட்டது என்று கேட்டேன். "நாலாயிரத்து எண்ணூறு" என்றான். தரையில் நான் சாக்பீஸால் போட்ட கணக்கு அப்படியே பலித்தது. வெள்ளைத் தொப்பிக்காரர் மூன்றாவதாக வந்தவனிடம் நின்று பேசிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் ஒரு தடவை பார்த்தார், வரவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, எங்கள் விஷயத்தில் தாழியை எடுத்துப் போட்டு உடைத்தார்கள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். முசியே முதலில் தம்பியிடம் வந்தார். "உனக்குக் காலுல தைரியம் இல்ல. மீன் வேன் ஓட்டுறவனுக்குப் பந்தயக் காரு குடுத்தா இப்பிடித்தான்," என்றார். பிறகு சுற்றி நின்ற ஆட்களைப் பார்த்து, "இந்த மில்லுக்காரன் பல்லத் தப்பா சேத்துட்டான், அதான் காரு இழுக்கல," என்று என்னைக் காட்டினார்.

நான் இதற்காகத்தான் காத்திருந்தேன். பொத்தானைக் கழற்றி, சீட்டைப் பிரித்து, எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தேன். "இது யாரு கையெழுத்து? பத்து போட்டா ஓடாதுன்னு நான் சொன்னனா இல்லியா? எழுதிக் குடுத்தது யாரு?" என்று கத்தினேன். மற்றக் குழுக்களின் மெக்கானிக்குகள் கூடிவிட்டார்கள். ஒருவன் சீட்டை வாங்கிப் படித்தான். "இந்த எடத்துக்கு இந்த இன்ஜினுக்குப் பத்தா?" என்று கேட்டுச் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். முசியேவின் முகம் செத்துப்போனது. வெள்ளைச் சட்டையைச் சரிசெய்துகொண்டு தனியே நடந்து போய்விட்டார். என் வாழ்நாளில் அப்படி ஒரு நிறைவை நான் அனுபவித்ததில்லை.

தம்பி கழற்றிப் போட்ட டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் போய், "பாத்தியாடா, எப்பிடி வாய அடச்சேன்!" என்றேன்.

"தண்ணி இருக்காண்ணே?" என்றான்.

அத்தோடு எல்லாம் முடிந்தது. அடுத்த மாதமே முசியே காரை விற்றார். ஒரு வருஷத்தில் குடும்பத்தோடு பிரான்சுக்குப் போய்விட்டார். தம்பியை யாரும் தேடி வரவில்லை. அவன் மீன் வேனுக்கே திரும்பினான், பிறகு கடலூர் தடத்தில் தனியார் பஸ் ஓட்டினான். நல்ல டிரைவர் என்று பெயர் எடுத்தான். பந்தயத்தைப் பற்றி அவன் வாயைத் திறந்து நான் கேட்டதில்லை.

அவனுக்கும் சேர்த்து நான் பேசினேன். டீக்கடையில் பேசினேன், ஆலை கேட்டில் பேசினேன், கலியாண வீட்டில் பேசினேன். யாராவது கார் என்று ஆரம்பித்தால் போதும், ஒன்பது பல், பத்துப் பல், கடலூர் ரோடு, சீட்டு என்று முழுசாகச் சொல்லி முடித்தால்தான் எனக்கு மூச்சு வரும். அந்த ஆளை நான் எப்படிச் சபித்தேன் என்று பங்குச் சாமியாருக்குத் தெரியும், பாவசங்கீர்த்தனத்தில் அதைத்தான் முக்கால்வாசி சொல்வேன். அத்தனை வருஷமும் என் கோபம் குறையவே இல்லை. குறையக் கூடாது என்று நானே பார்த்துக்கொண்டேன்.

எண்பதுகளின் நடுவில் தம்பி மகளுக்குப் புதுநன்மை, முதல் தடவை நற்கருணை வாங்குகிற நாள். கோயில் முடிந்து வீட்டில் பந்தி. மட்டன் குழம்பு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். தம்பியின் மாமனார் புதிதாக வந்த சின்னக் காரைப் பற்றிப் பேச்செடுத்து, "அது டாப் ஸ்பீடு எவ்ளோ போவும்?" என்று என்னைக் கேட்டார். அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டேன். சீட்டை உயர்த்திப் பிடித்த இடம் வந்தபோது இடது கையை உயர்த்தியே காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். தம்பி குழம்புச் சட்டியோடு எனக்கு எதிரே நின்றிருந்தான். சிரிப்பு அடங்கியதும் மெதுவாகக் கேட்டான்.

"அண்ணே, ஒம்பது பல்லு அதுக்கு முன்னாடி காருலயேதான இருந்துச்சு?"

"ஆமா. நான்தான் கழட்டுனேன்."

"ஏன் கழட்டுன?"

"ஏன்னா? அந்தாளு எழுதிக் குடுத்தான்டா!"

"ஹவுசிங்க மூடிட்டா உள்ள எத்தன பல்லு இருக்குன்னு வெளிய தெரியுமா? அவரு கிரீஸத் தொட மாட்டாரு. ஒம்பதையும் பத்தையும் பக்கத்துல வெச்சாக்கூட எது எதுன்னு அவருக்குத் தெரியாது. நீ ஒண்ணும் செய்ய வேணாம். கழட்டாம வுட்டுட்டு, மாத்திட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தாப் போதும். ஓட்டுறவன் நான். எனக்குத் தெரிஞ்சிருக்கும். நான் வாயத் தொறந்திருப்பனா?"

 எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். எச்சில் கையோடு எழுந்து கத்தினேன். "இத்தன வருஷம் கழிச்சி இத இப்ப கேக்குறியா? அன்னிக்கே கேக்குறதுதான?"

"அன்னிக்கு நீ சந்தோஷமா இருந்தண்ணே," என்றான். குரலில் கோபம் இல்லை. "அந்தாளு மேல எனக்கு என்ன கோவம்? அவருக்குத் தெரியல, போடச் சொன்னாரு. உனக்குத் தெரியும்." பிறகு குனிந்து என் இலையில் இன்னொரு கரண்டிக் குழம்பை ஊற்றிவிட்டு அடுத்த ஆளிடம் போனான்.

அது எனக்குத் தோன்றாமல் போய்விட்டது என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். அண்ணனுக்கு அவ்வளவு தந்திரம் போதாது, சீட்டைக் கண்டால் கை தானாக வேலை செய்கிற ஆள் என்று நினைக்கிறான். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மை வேறு. ஹவுசிங்கைத் திறந்த அன்று மதியம் முசியே சாப்பிட்டுத் தூங்கப் போயிருந்தார். கொட்டகையில் நான் மட்டும்தான். முதல் நட்டில் ஸ்பேனரை வைத்தவன் எடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். கழற்றாமல் விட்டுவிடலாம் என்று அன்றே தோன்றியது. தம்பி கேட்ட ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு அன்றே தோன்றியது. ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். ஒன்பதோடு அவன் தோற்றுப்போய், ஏன் என்று யாராவது திறந்து பார்த்தால் பழி என் தலையில் விழும். பத்தோடு தோற்றால் விழாது. அப்படியும் இப்படியும் புரட்டிப் புரட்டி இதையேதான் கணக்குப் பார்த்தேன். ஒன்பதோடு அவன் ஜெயித்தால் என்ன என்று ஒரு தடவைகூட நான் யோசிக்கவில்லை.